மதினிக்கு ஒரு மதிப்பெண் பட்டியல்

தேவிகுளம்
14.11.2023

அன்புள்ள மதினிக்கு,

அண்ணனுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? சங்கரன்கோவில் வெயிலுக்குத் தேவலை என்று போனில் சொன்னார். இங்கே காலையில் எழுந்தால் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. நீங்கள் கொடுத்தனுப்பிய முறுக்கு போடிமெட்டு வளைவெல்லாம் ஏறியும் உடையாமல் வந்து சேர்ந்தது. தீபாவளி அன்றைக்கே பாதி காலி.

திருவனந்தபுரம் போய் வந்த கதையைப் போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். "என்னென்ன தின்னே, எதுக்கு எத்தனை மார்க்கு, எழுதிப் போடு" என்று சொன்னீர்கள். எழுதுவதுதான் எனக்கும் நல்லது. போனில் என்றால் நான் ஒரு மார்க் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அதைத் திருத்திவிடுவீர்கள்.

நவம்பர் 1 முதல் 7 வரை நடந்த 'கேரளீயம்' விழாவுக்குத்தான் எங்கள் குடும்பஸ்ரீ மகளிர் குழுவான அயல்கூட்டத்துப் பெண்கள் சேர்ந்து போனோம். அடிமாலி, கோதமங்கலம் வழியாக பஸ். மாநிலம் பிறந்த நாளுக்கு ஊர் முழுக்க விளக்கு. தொடக்க விழா மேடையில் மம்முட்டி, மோகன்லால், சோபனாவோடு நம்ம கமலும் இருந்தாராம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதெல்லாம் முடிந்துவிட்டது. எங்களுக்கு அதில் வருத்தமும் இல்லை. நாங்கள் போனது கனகக்குன்னில் குடும்பஸ்ரீக்காரர்கள் போட்டிருந்த சாப்பாட்டுக் கடைகளுக்கு. பதினாலு மாவட்டத்துப் பெண்களும் அவரவர் ஊர்ச் சமையலோடு வந்திருந்தார்கள்.

மார்க் போடும் யோசனை எங்களோடு வந்த அங்கன்வாடி ஹெல்பருடையது. அவள் பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான் இல்லையா, அவன் ஒரு சங்கதி சொன்னானாம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் பெரிய சந்தை கூடுமாம். வருஷா வருஷம் அங்கே புதுசு புதுசாகத் தீனி இறக்குவார்களாம், பத்திரிகைக்காரர்கள் ஒவ்வொன்றாகத் தின்று பார்த்து வரிசைப்படுத்துவார்களாம். டெக்சாஸ் சந்தையில் 2009-ல் ஒருவர் வெண்ணெயை மாவில் முக்கி எண்ணெயில் பொரித்து விற்றுப் பரிசே வாங்கியிருக்கிறார். பொரித்த வெண்ணெய், மதினி! பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பிறகு, "நாமளும் போடுவோம் மார்க்கு" என்று ஒரு சின்ன நோட்டை எடுத்து வைத்துக்கொண்டோம்.

கணக்கு இப்படி. ருசிக்கு ஐந்து. இது அந்த ஊர்க்காரி கையால்தான் வரும், வேறு யாராலும் முடியாது என்றால் அதற்கு மூன்று. கொடுத்த காசுக்கு ஒத்துப்போனால் இரண்டு. மொத்தம் பத்து. கடைசி இரண்டு மார்க்கை நான்தான் சேர்க்கச் சொன்னேன். நாள் கூலியை வைத்து விலையைப் பார்க்கும் பழக்கம் எஸ்டேட்டில் பிறந்த எவளுக்குப் போகும்?

முதலில் கூட்டம் எங்கே நின்றதோ அங்கேயே போய் நின்றோம். பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடிப் பெண்களின் கடை. பலகாரத்தின் பெயர் 'வனசுந்தரி'. கோழிதான். ஆனால் சிவப்பாக இல்லை, கருப்பாக இல்லை, இலைப் பச்சை. கொத்துமல்லி, புதினா, பச்சை மிளகாய், அப்புறம் 'கோழிஜீரகம்' என்று அவர்கள் காட்டுப் பக்கத்துத் தழை ஒன்று, எல்லாவற்றையும் அரைத்த விழுது. வெந்த கோழியைப் பெரிய கல்லில் போட்டு அந்த விழுதோடு புரட்டி, இரண்டு பேர் நின்று கொத்து புரோட்டாக் கடை போல டக்டக்கென்று கொத்துகிறார்கள். அந்தச் சத்தத்துக்கே பாதிக் கூட்டம் வந்திருக்கும். வாசம் மீதிக் கூட்டத்தை இழுத்துவிடுகிறது. வாயில் போட்டதும் முதலில் தழை வாசம்தான். காரம் அதற்கு அப்புறம் மெதுவாக வருகிறது, வந்த பிறகு போக மாட்டேன் என்கிறது. மசாலாப் பொடி என்று ஒன்று இருப்பதையே அந்தச் சட்டி மறந்துவிட்டது.

கல்லின் பக்கத்தில் நின்ற அம்மா இருளர். வரிசையில் எல்லோரிடமும் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தவர் தனக்குள் முணுமுணுத்தது பாதிக்கு மேல் எனக்குப் புரிந்தது. நான் தமிழில் கேட்டேன், அவர் அவர் பேச்சில் பதில் சொன்னார், இரண்டும் பொருந்திப் போய்விட்டது. "வீட்ல இப்படித்தான் செய்வீங்களா?" என்றேன். கோழி எப்போதாவதுதான், தழை எப்போதும் உண்டு என்றார்.

மதினி, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2013-ல் அட்டப்பாடி என்றாலே டிவியில் ஒரே செய்திதான். சத்தில்லாமல் அடுத்தடுத்துச் செத்துப்போன பச்சைக் குழந்தைகள். எஸ்டேட் லயத்து வீட்டில் நாம் எல்லோரும் உட்கார்ந்து பார்த்து, நீங்கள் சாப்பிடாமல் எழுந்து போனீர்கள். அதற்குப் பிறகுதான் குடும்பஸ்ரீ அங்கே ஊருக்கு ஊர் பொது அடுக்களை வைத்தது. பத்து வருஷம் கழித்து, அதே மலையிலிருந்து வந்த பெண்கள் தலைநகரத்துக்காரர்களை வரிசையில் நிறுத்திச் சோறு போடுகிறார்கள். இதற்கென்று தனியாக மார்க் போட நோட்டில் இடம் இல்லை. ருசிக்கு ஐந்து, கைக்கு மூன்று, காசுக்கு ஒன்று. கொத்தியதில் சின்ன எலும்புகள் சிதறிக் கிடந்தன, தட்டில் கறி கொஞ்சம் குறைவு. மொத்தம் 9.

அடுத்தது ராமசேரி இட்லி. அதுவும் பாலக்காட்டுச் சரக்குதான், எலப்புள்ளிக்குப் பக்கத்து ஊர். காஞ்சிபுரம் பக்கமிருந்து தலைமுறைகளுக்கு முன்னால் வந்த முதலியார் குடும்பங்களின் கைவேலை என்று சொல்கிறார்கள். நம்ம ஆள்கள் என்று தெரிந்ததும் எனக்கு நாக்கு கூர்மையாகிவிட்டது. நம் இட்லி மாதிரி உப்பலாக இல்லை, ஆப்பத்துக்கும் இட்லிக்கும் நடுவில் தட்டையாக இருக்கிறது. மண்பானை வாயில் நூலால் பின்னிய வலை, வலையின் மேல் துணி, துணியின் மேல் மாவு. பானை மேல் பானையாக அடுக்கி ஆவியில் வேக வைக்கிறார்கள். மண்ணும் துணியும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் அடியில் ஈரம் தேங்காது போல. ஆறின பிறகும் ரப்பராகவில்லை, அதைத்தான் நான் சோதித்தேன். பொடிக்குத் தேங்காயெண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். நல்லெண்ணெய் கேட்டேன், இல்லை என்றார்கள். ருசிக்கு நான்கு, கைக்கு இரண்டு, காசுக்கு இரண்டு, மொத்தம் 8. கைக்கு ஏன் இரண்டு என்றால், பானையையும் வலையையும் கொடுத்தால் நீங்கள் ஒரு வாரத்தில் படித்துவிடுவீர்கள் என்பது என் நம்பிக்கை.

இடுக்கிக் கடையில் கப்பையும் எல்லும். வேகவைத்த மரவள்ளியில் மாட்டு எலும்பும் கறியும் போட்டுக் கிளறியது. கட்டப்பனைப் பக்கம் இதற்கு 'ஏஷ்யாட்' என்றே பெயர். உங்களுக்குப் புதுசில்லை, மூணாறு பஜாரில் தின்றிருக்கிறோம். அங்கே உட்கார்ந்து தின்றபோது ஒன்று தோன்றியது. 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா மரவள்ளியை நடச் சொல்லி ஊக்கப்படுத்தியபோதும் அது ஏழை வயிற்றுக்கான கிழங்குதான். உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது ஊரையே காப்பாற்றியதும் அந்தக் கிழங்குதான். அதைச் சுமந்துகொண்டுதான் கீழே இருந்து குடியேறியவர்கள் ஹைரேஞ்சுக் காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். இன்றைக்கு இடுக்கி மாவட்டம் என்றால் அந்தச் சட்டிதான் மேடை ஏறுகிறது. ருசிக்கு நான்கு, கைக்கு ஒன்று, காசுக்கு இரண்டு. 7. ஹெல்பர் பத்துக்குப் பத்து போட்டுவிட்டு இரண்டாவது தட்டுக்குப் போய்விட்டாள், அவளை நடுவராக வைக்க முடியாது.

இனிப்புகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மூங்கிலரிசிப் பாயசம் 6. மூங்கில் பல வருஷத்துக்கு ஒரு தடவை பூத்து, நெல் உதிர்த்து, அதோடு பட்டுப்போகும். அந்த அரிசியைத் தின்கிறோம் என்ற நினைப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் ருசியைக் கொடுத்தது வெல்லம்தான். நம்ம மறையூர் வெல்லத்தைப் போட்டிருந்தால் ஏழு கொடுத்திருப்பேன். போளியைப் பாயசத்தில் முக்கித் தின்பது திருவனந்தபுரத்துக்காரர்கள் வழக்கம். இனிப்பின் மேல் இனிப்பு, அண்ணனுக்குக் காட்டவே கூடாது. 5. சக்கை கட்லெட், அதாவது பலாக்காய் கட்லெட், 4. இறைச்சியாக நடிக்கப் பார்க்கும் சக்கையைவிட, சக்கையாகவே இருக்கும் சக்கை நூறு மடங்கு மேல்.

நோட்டை மடித்துவிட்டுப் புல்வெளியில் உட்கார்ந்தபோதுதான் அந்த டெக்சாஸ் வெண்ணெய் திரும்பவும் நினைவுக்கு வந்தது. அங்கே புதுசு என்றால் ஒருவன் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்தது. இங்கே நாங்கள் புதுசு என்று வரிசையில் நின்று தின்றது எல்லாம் யாரோ ஒரு வீட்டில் பாட்டி காலத்திலிருந்து இருக்கும் பழையது. அட்டப்பாடிக்காரிக்கு அந்தத் தழை புதுசா? ராமசேரிக்காரிக்கு அந்தப் பானை புதுசா? அதை வெளியே எடுத்து வந்தது, ஒரு பெயர் வைத்தது, ஜனங்கள் கண் முன்னால் செய்து காட்டியது, விலை எழுதிப் பலகை வைத்தது, இது நாலும்தான் புதுசு. ருசி எப்போதும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அப்படியென்றால் நம் சட்டி எங்கே, மதினி?

இதை நான் சண்டைக்காகக் கேட்கவில்லை. நவம்பர் 1 நம் ஊரில் வேறு கணக்கும் உள்ள தேதி. 1956-ல் அந்த நாளில்தான் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை எல்லாம் மதராஸ் மாநிலத்தோடு போனது. தேவிகுளமும் பீர்மேடும் இந்தப் பக்கம் நின்றது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், இந்த மலையும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடிய நேசமணி மூணாறு வந்து தடையை மீறிக் கைதான கதையை அப்பா சொல்லாத நாள் உண்டா? அப்பா அதை வருத்தமாகச் சொல்வார். எனக்கு அந்த வருத்தம் இல்லை. என் ரேஷன் கார்டு, என் ஓட்டு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் இங்கே. கேரளத்தின் பிறந்த நாள் பந்தியில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன், யாரும் என்னை எழுப்பவில்லை. ஆனால் பரிமாறுகிறவர்கள் வரிசையில் நாம் இல்லை. 1880-ல் பார்வதி எஸ்டேட்டில் ஷார்ப் துரை முதல் தேயிலை நட்டார் என்கிறார்கள். அன்றைக்கிருந்து கங்காணிமார் திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து கூட்டிவந்த சனம் இந்த மலையில் அடுப்பு மூட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இத்தனை வருஷம் எரிந்த அடுப்பில் ஊர் பெயர் சொல்ல ஒரு சட்டிகூடவா இல்லை?

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதே பேச்சு. அடுத்த மாவட்ட மேளாவுக்கு நாமும் ஒரு கடை கேட்போம் என்றதும் ஆளுக்கொரு யோசனை. ஒருத்தி ஹோம்மேட் சாக்லேட் என்றாள். மூணாறில் இறங்குகிற டூரிஸ்ட் பத்து அடிக்கு ஒரு சாக்லேட் கடை பார்க்கிறான், பதினோராவதாக நாம் எதற்கு? இன்னொருத்தி மோமோ என்றாள். அதைச் செய்யும் பையன்கள் பஜாரிலேயே இருக்கிறார்கள், நம்மைவிட நன்றாகவும் செய்கிறார்கள். மூன்றாவதாக ஒருத்தி கருவாட்டுக் குழம்பு என்றாள். நல்லதுதான், ஆனால் அதைத் தூத்துக்குடிக்காரன் தன்னுடையது என்பான். எங்கள் நோட்டுக் கணக்குப்படி கைக்கு மூன்று மார்க் வாங்கும் சாமான் ஒன்று வேண்டும். இந்த மலையில், இந்த லயத்தில் மட்டும் வரும் ஒன்று.

அப்போதுதான் உங்கள் மரத்தக்காளிச் சட்னியைச் சொன்னேன். பஸ் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொருத்திக்கும் அது அவள் அம்மா செய்தது!

யோசித்துப் பாருங்கள். லயத்துக்குப் பின்னால் சவ்சவ் கொடிக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்தக்காளி. கவாத்து வெட்டிய தேயிலை விறகு, வேறு எங்கே அந்த விறகு எரிகிறது? அந்தத் தணலில் பழத்தைச் சுட்டு, கருகின தோலை உரித்து, வட்டவடைப் பூண்டையும் தோலோடு சுட்டு, காந்தாரி மிளகாயும் கல் உப்பும் வைத்து அம்மியில் ஒரு இழுப்பு. மேலே சுட்ட கருவாட்டைப் பிய்த்துப் போடுவது. தேயிலைக் காட்டில் வேலைக்கு நடுவில் தூக்குச் சட்டியைத் திறந்தால் சோறு மழையில் ஜில்லிட்டுக் கிடக்கும், அந்தச் சோற்றுக்குச் சூடு கொடுத்தது அந்தச் சட்னிதான். வெளியே ஒரு கடையிலாவது அதை நான் பார்த்ததில்லை. மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு வந்தது, வட்டவடை, காந்தளூர்ப் பூண்டுக்கும் பிறகு வந்தது. நம் தட்டில் பாதி சாமானுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது, தட்டுக்குத்தான் இல்லை.

மேளாவில் சோறு வைத்துக் கொடுக்க முடியாது, கையில் பிடித்துத் தின்ன வேண்டும். அதற்குக் கேப்பை ரொட்டி சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். முதுவான்குடிப் பெண்களிடம் கேப்பை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறோம். ஜனங்கள் பார்க்கும்படி தணல் அடுப்பும் அம்மியும் முன்னால் வைத்துவிட வேண்டும். வனசுந்தரிக் கடையில் படித்த பாடம் அது. மிக்சியில் அரைத்துக் கிண்ணத்தில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியவை. பழம் நன்றாகப் பழுத்துச் சிவந்ததா, கொஞ்சம் செங்காயா? செங்காயாக இருந்தால் புளிப்பு தூக்கலாக இருக்கிறது, பழுத்தால் கசப்பு போய்விடுகிறது. நீங்கள் செய்தால் மட்டும் இரண்டும் அளவாக இருக்கும், அது எப்படி? விதையை வழித்துப் போடுவீர்களா, சேர்த்து அரைப்பீர்களா? இத்தனை பழத்துக்கு இத்தனை பல் பூண்டு என்று கணக்கு உண்டா? கருவாடு நெத்திலியா, சாளையா? "கண்ணளவுதான், கையளவுதான்" என்று பதில் எழுதாதீர்கள். ஐந்து பேர் மாற்றி மாற்றி நிற்கும் கடை, ஐந்து கண்ணும் ஒரே அளவு பார்க்காது. அண்ணனை ஒரு தராசோடு பக்கத்தில் உட்கார வைத்து, நீங்கள் போடப் போட எழுதச் சொல்லுங்கள்.

முடிந்தால் நேரில் வாருங்கள். பென்ஷன் ஆனதும் லயத்து வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு இறங்கினீர்கள், அதோடு மேலே வரவே மாட்டேன் என்கிறீர்கள். இருந்த வீட்டில் வேறு குடும்பம் இருப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று அண்ணன் சொன்னார். சரி, அந்தப் பக்கம் போக வேண்டாம். தேவிகுளத்தில் என் வீட்டில் இருங்கள். அடுப்பு உண்டு, அம்மி உண்டு, கவாத்து விறகும் ஒரு கட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். பொங்கலுக்கு முன்னால் வந்தால் பிள்ளைகளுக்கும் சந்தோஷம்.

பெயர் என்ன வைப்பது என்று எங்களுக்குள் அடிதடி நடக்கிறது. உங்கள் பெயரையே வைக்கலாம் என்று நான் சொன்னேன். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், பலகை எழுதின பிறகு அழிக்கக் காசு கேட்பான்.

கடைசியாக ஒன்று. விலையையும் நீங்களே சொல்லுங்கள். ஒருத்தி இருபது ரூபாய் என்கிறாள், இன்னொருத்தி பதினைந்து போதும் என்கிறாள். வீட்டில் சும்மா செய்ததற்கு எப்படி அதிகம் கேட்பது என்று இருவருக்கும் கூச்சம். பழம் பறிக்க, விறகு உடைக்க, தணல் பிடிக்க, அம்மியில் குனிந்து அரைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று முப்பது வருஷம் செய்த உங்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்துக்கும் சேர்த்து ஒரு விலை எழுதி அனுப்புங்கள். நாங்கள் வைத்தால் குறைத்துத்தான் வைப்போம்.

அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
நாத்தனார்